தொப்பியை வைத்துக்கொண்டோம், கவிஞரைத் தொலைத்தோம்

எமது விழா மேடைகளில் 'பாஷா' என்ற சொல் விழுந்தவுடன் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒறாபி பாஷாவின் பெயர் உரத்துச் சொல்லப்படும். அவரைப் பார்த்துத்தான் எமது முன்னோர் துருக்கித் தொப்பியை விரும்பி அணிந்தார்கள் என்பார் ஒருவர். கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் தோற்றத்தில் அவருக்கிருந்த பங்கைச் சொல்வார் இன்னொருவர். மருதானையில் அவர் பெயரில் ஒரு வீதி, கண்டி ஹல்லொலுவ வீதியில் அவர் பெயரில் ஒரு கலாசார நிலையம், 1983இல் அவருக்காக வெளிவந்த தபால் முத்திரை என்று பட்டியல் நீளும். பிறகு பொன்னாடை, தேநீர், ஸலவாத்து, கலைந்து போதல்.

இந்தப் பட்டியலில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் 1883 ஜனவரி 10ஆம் திகதி கொழும்பில் வந்திறங்கிய பாஷாக்கள் ஏழு பேர். அஹ்மத் ஒறாபி, மஹ்மூத் சாமி அல்-பாரூதி, அலி பஹ்மி, அப்துல் ஆல் ஹில்மி, துல்பா இஸ்மத், யஃகூப் சாமி, மஹ்மூத் பஹ்மி. இதில் இரண்டாவதாக உள்ள பெயரைத் தயவுசெய்து இன்னொரு தடவை வாசியுங்கள். உஸ்மானிய சுல்தானுக்காக இரண்டு களங்களில் போரிட்ட படைத் தளபதி அவர். எகிப்தின் யுத்த அமைச்சராகவும் பிரதமராகவும் இருந்தவர். நவீன அறபுக் கவிதை எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் அறபு இலக்கிய வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் காட்டுவது அவரைத்தான். அந்த மனிதர் தமது வாழ்நாளில் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் எமது இந்தச் சின்ன நாட்டில் கழித்தார். அவருடைய சிறந்த கவிதைகள் பல இங்கே எழுதப்பட்டவை.

பொதுமக்களுக்கு இது தெரியாமல் போனதற்காக நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். மீன்பிடிப்பவருக்கும் கடை வைத்திருப்பவருக்கும் அறபுக் கவிதை வரலாறு தெரிந்திருக்க வேண்டியதில்லை. இலக்கியம் எமது வேலை என்று சொல்லிக்கொண்டு சஞ்சிகை நடத்துகிற, மாநாடு கூட்டுகிற, ஒருவருக்கொருவர் பட்டம் கொடுத்துக்கொள்கிற நாம்தான் குற்றவாளிகள். ஒரு பெருங்கவிஞர் எமது வீட்டுத் திண்ணையில் பதினாறு வருடம் இருந்திருக்கிறார். நாம் அவருடைய நண்பரின் தொப்பியை மட்டும் எடுத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறோம்.

பாரூதி யார் என்று கேட்பவர்களுக்காக அவருடைய வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன். 1839இல் கெய்ரோவில் பிறந்தார். சர்க்காசிய மம்லூக் வழிவந்த குடும்பம். எகிப்தில் நெடுங்காலம் அதிகாரம் செலுத்திய மேல்தட்டைச் சேர்ந்தது. பாரூத் என்றால் வெடிமருந்து. ஆனால் அவருடைய பெயர் ஈத்தாய் அல்-பாரூத் என்ற ஊரிலிருந்து வந்தது; மூதாதையர் ஒருவருக்கு அங்கே வரி அறவிடும் உரிமை இருந்தது. தந்தை பீரங்கிப் படை அதிகாரி. மகன் சிறுவனாக இருந்தபோதே சூடானில் பதவியில் இருந்த தந்தை இறந்துபோனார். பன்னிரண்டு வயதளவில் பையன் இராணுவப் பாடசாலையில் சேர்க்கப்பட்டான்.

அவர் படித்து வெளியேறிய காலத்தில் எகிப்தியப் படைக்குப் பெரிய வேலை இருக்கவில்லை. முஹம்மத் அலி பாஷா கட்டியெழுப்பிய பெரும் படையைப் பதினெட்டாயிரம் பேருக்குள் அடக்கிக்கொள்ள வேண்டும் என்று சுல்தான் 1841இல் கட்டளையிட்டிருந்தார். வேலையில்லாத அந்த இளம் அதிகாரி பழைய அறபுக் கவிஞர்களை வாசிக்கத் தொடங்கினார். யாப்பை எந்த ஆசிரியரிடமும் முறையாகக் கற்கவில்லை. வாசித்து வாசித்தும், பிறர் வாசிக்கக் கேட்டுக் கேட்டும் செவியாலேயே பிடித்துக்கொண்டார் என்று அவர் காலத்து அறிஞர் ஹுஸைன் அல்-மர்ஸபி எழுதி வைத்திருக்கிறார். ஆசிரியர் கலாசாலையில் வெண்பாவின் இலக்கணத்தை மனனம் செய்து பரீட்சை எழுதி, ஒரு வெண்பாவும் பாடாமல் வெளியே வந்த எம்போன்றோருக்கு இந்தச் செய்தி கொஞ்சம் உறைக்கும்.

பிறகு இஸ்தான்புல் போய் உஸ்மானிய வெளிநாட்டமைச்சில் வேலை பார்த்தார். துருக்கி மொழியிலும் பாரசீகத்திலும் தேர்ந்து அந்த மொழிகளிலும் பாடினார். 1863இல் எகிப்தின் புதிய ஆட்சியாளர் இஸ்மாயிலுடன் நாடு திரும்பி மீண்டும் படையில் சேர்ந்தார். 1866இல் கிரீட் தீவில் சுல்தானுக்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்தபோது அதை அடக்குவதற்கு எகிப்திலிருந்து அனுப்பப்பட்ட படையில் அவரும் போனார். தம் மண்ணுக்காக எழுந்த ஒரு தீவுச் சனத்தை அடக்கப் போன அதிகாரிகளில் அவர் ஒருவர். நான் ஒரு தீவான். இதை மறைத்து அவரைப் புகழ எனக்கு மனம் வராது. 1877இல் ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் யுத்தம் மூண்டபோது உஸ்மானியப் பக்கத்தில் எகிப்தியப் படையோடு நின்று போரிட்டார். திரும்பி வரும்போது 'லிவா' என்ற உயர் தரம் கிடைத்தது. இரண்டு களங்களிலிருந்தும் கவிதை எழுதினார். அறபியர் அவருக்கு 'வாளுக்கும் பேனைக்கும் உரியவர்' என்ற பட்டத்தைக் கொடுத்தது இதனால்தான்.

இதுவரை சொன்னது ஒரு வெற்றிகரமான பேரரசு அதிகாரியின் வரலாறு. இதோடு நின்றிருந்தால் அவர் எமக்குத் தேவைப்பட்டிருக்கமாட்டார். எகிப்தியப் படையில் உயர் பதவிகள் துருக்கிய, சர்க்காசிய வம்சத்தவருக்கென்றே வைக்கப்பட்டிருந்தன. கமக்காரர் பிள்ளைகள் ஓரளவுக்கு மேல் உயர முடியாது. ஒறாபி அப்படியான ஒரு கிராமத்துப் பிள்ளை. 1881 பெப்ரவரியில் யுத்த அமைச்சர் உஸ்மான் ரிப்கி, ஒறாபியையும் அலி பஹ்மியையும் அப்துல் ஆல் ஹில்மியையும் கைது செய்வித்தபோது, அவர்களுடைய சிப்பாய்களே வந்து மூவரையும் மீட்டுக்கொண்டு போனார்கள். ரிப்கி பதவி இழந்தார். அவருடைய கதிரைக்கு வந்தவர் பாரூதி. பிறப்பால் அவர் ரிப்கியின் ஆள். நின்றது கமக்காரர் பிள்ளைகளின் பக்கத்தில். 1882 பெப்ரவரியில் பிரதமரானார். ஒறாபி அவருடைய யுத்த அமைச்சர். ஆட்சியாளரின் கையைக் கட்டும் அடிப்படைச் சட்டம் ஒன்று அந்த மாதமே வெளிவந்தது. பிரித்தானியாவும் பிரான்சும் அலெக்சாந்திரியாவுக்கு முன்னால் போர்க்கப்பல்களைக் கொண்டுவந்து நிறுத்தின. மே மாத இறுதியில் அந்த அமைச்சரவை பதவி விலகியது. ஜூலை 11இல் பிரித்தானியர் அலெக்சாந்திரியா மீது குண்டு பொழிந்தார்கள். செப்டெம்பர் 13ஆம் திகதி விடியற்காலையில் தெல் அல்-கபீர் என்ற இடத்தில் நடந்த சண்டை ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிட்டது. எகிப்து பிரித்தானியரின் கைக்குப் போயிற்று. டிசெம்பரில் விசாரணை, மரண தண்டனை, பிறகு அது ஆயுட்கால நாடுகடத்தலாகக் குறைப்பு. டிசெம்பர் 27ஆம் திகதி எழுவரும் சுயெஸ் துறையில் கப்பலேற்றப்பட்டார்கள்.

இந்த வரலாற்றில் எமது மேடைகள் ஒரு பக்கத்தைச் சத்தமில்லாமல் கிழித்துவிடுகின்றன. தெல் அல்-கபீர் சண்டைக்குச் சில நாட்கள் முன்னர், அதே செப்டெம்பர் மாதத்தில், ஒறாபியைக் கலகக்காரர் என்று பிரகடனம் செய்தவர் உஸ்மானிய சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீத். முஸ்லிம்களின் கலீபா. பிரித்தானியப் படை எகிப்தின் மண்ணில் நிற்கும்போது அந்தப் பிரகடனம் வந்தது. அது ஒறாபியின் பக்கம் நின்றவர்களின் நெஞ்சுரத்தை எவ்வளவு உடைத்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பாரூதி அதே சுல்தானின் கொடிக்குக் கீழே நின்று ரஷ்யரோடு பொருதி ஐந்து வருடம்கூட முழுதாகக் கழியவில்லை. பேரரசு தன் தளபதியைக் கைகழுவிய விதம் இது. இதைத் தெரிந்துகொண்டே நாம் கலீபாவையும் ஒறாபியையும் ஒரே மூச்சில் புகழ்ந்து, இருவருக்கும் ஒரே தொப்பியை அணிவித்து ஊர்வலம் விடுகிறோம்.

தொப்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தச் சிவப்புத் தொப்பி மார்க்கம் தந்த ஆடையல்ல. சுல்தான் இரண்டாம் மஹ்மூத் 1820களில் தமது புதிய படைக்குச் சீருடையாகக் கொண்டுவந்தது. பிறகு அரச ஊழியர் தலைக்கும் ஏறியது. 1925இல் முஸ்தபா கமாலின் அரசு சட்டம் போட்டுத் துருக்கியர் தலையிலிருந்து அதை இறக்கிவிட்டது. இதற்கிடையில் இங்கே அதற்காக ஒரு போராட்டம் நடந்தது. 1905இல் உயர் நீதிமன்றத்தில் தொப்பியோடு வாதாட முடியாது என்று தடுக்கப்பட்ட சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் எமது யாழ்ப்பாணத்தவர். அந்த ஆண்டின் கடைசி நாளில் மருதானைப் பள்ளிவாசல் வளவில் கூடிய கூட்டமும், ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் போன்றோரின் உழைப்பும், இறுதியில் தொப்பிக்குக் கிடைத்த அனுமதியும் மதிக்கத்தக்கவை. காலனித்துவ நீதிமன்றத்தின் முன்னால் ஒரு சிறுபான்மை தன் மானத்தை நிலைநாட்டியது. அதை நான் கேலி செய்யவில்லை. தலையில் வைத்ததற்காக அவ்வளவு பாடுபட்ட சமூகம், அந்தத் தலைகளில் ஒன்றுக்குள் இருந்ததைத் தேடிப் பார்க்கவில்லையே என்றுதான் கேட்கிறேன்.

அந்தத் தலைக்குள் என்ன இருந்தது? நாடு கடத்தப்பட்டவர்களிடமிருந்து பட்டமும் பதவியும் சொத்தும் பறிக்கப்பட்டிருந்தன. கொழும்பில் ஏழு வருடம். தோழர்களுக்குள் மனக்கசப்பு வளர்ந்தது. ஒரே தோல்வியைப் பங்கிட வந்தவர்கள் ஒருவரையொருவர் நோவது இயற்கை. பிறகு கண்டியில் பத்து வருடம். இங்கிருக்கும்போதுதான் மனைவி அதீலா இறந்த செய்தி வந்தது. ஒரு படைவீரன் மனைவிக்காக வெட்கமின்றி அழும் அந்த இரங்கற்பா அறபு இலக்கியத்தில் பெயர்பெற்றது. மகள் இறந்த செய்தியும் வந்தது. நண்பர்கள் அப்துல்லாஹ் பிக்ரியும், தம்மை அறபுலகுக்கு அறிமுகம் செய்த அதே ஹுஸைன் அல்-மர்ஸபியும் இறந்த செய்திகளும் கடல் கடந்து வந்தன. ஒவ்வொன்றுக்கும் கவிதை எழுதினார். சரந்தீப் என்று எமது நாட்டைப் பெயர் சொல்லியே அழைத்து, அதன் மழையையும் தனிமையையும் நைல் நதியின் நினைவோடு சேர்த்துப் பாடினார். ஆங்கிலம் கற்றார். எமது ஆட்களுக்கு அறபு சொல்லிக்கொடுத்தார். தோழர் யஃகூப் சாமியின் மகளை மணந்து புதுக் குடும்பம் தொடங்கினார். அப்பாசியர் காலத்துக் கவிஞர் முப்பது பேரின் பாடல்களைத் தெரிந்தெடுத்துப் பெருந்தொகுப்பு ஒன்று செய்தார். கண்பார்வை சிறிது சிறிதாகப் போய்க்கொண்டிருந்தது. 1899இல் மன்னிப்புக் கிடைத்து எகிப்து திரும்பியபோது பார்வை ஏறத்தாழ முழுவதும் போய்விட்டது. கெய்ரோவில் அவருடைய வீட்டைத் தேடி வந்த இளம் கவிஞர்களில் அஹ்மத் ஷவ்கியும் ஹாபிஸ் இப்ராஹீமும் உண்டு. 1904 டிசெம்பரில் காலமானார். அப்துல் ஆல் ஹில்மியும் மஹ்மூத் பஹ்மியும் யஃகூப் சாமியும் இந்த மண்ணிலேயே அடங்கினார்கள். ஒறாபி 1901இல்தான் திரும்பினார்.

இப்போது நான் சொல்லப்போவதை மௌலவிமார் கவனமாகக் கேட்க வேண்டும். இங்கிருந்த காலத்தில் பாரூதி நபிகள் நாயகத்தின் மீது 447 பைத்துகள் கொண்ட நெடும் பாடல் ஒன்று பாடினார். 'கஷ்புல் கும்மா' என்று அதற்குப் பெயர். இமாம் பூஸிரியின் புர்தா எந்தச் சந்தத்தில், எந்த எதுகை ஒலியில் அமைந்ததோ அதே சந்தம், அதே ஒலி. இப்னு ஹிஷாமின் ஸீறாவை வைத்து, நாயகத்தின் வாழ்வை வரிசையாகச் சொல்கிறது. எமது ஊர்களில் புர்தா ஓதாத பள்ளிவாசல் குறைவு. தமிழில் நபி வாழ்வை உமறுப் புலவர் சீறாப்புராணமாகப் பாடியதில் நாம் பெருமைப்படுகிறோம். அப்படியிருக்க, புர்தாவின் சந்தத்தில் ஒரு ஸீறா, எமது நாட்டின் மழையைக் கேட்டுக்கொண்டு, பார்வை மங்கிக்கொண்டிருந்த ஒரு முன்னாள் தளபதியால் பாடப்பட்டிருக்கிறது. மீலாத் மேடை ஒன்றிலாவது அதன் பெயரை நான் கேட்டதில்லை. என் மாணவன் கையில் கொடுக்க ஒரு தமிழ்ப் புத்தகம் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்தக் காலம் எமது இலக்கியத்துக்கும் சாதாரண காலம் அல்ல. பாஷாக்கள் வருவதற்குச் சில வாரங்கள் முன்னர், 1882 டிசெம்பரில், அறிஞர் சித்திலெப்பை கண்டியிலிருந்து 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். 1885இல் அவருடைய 'அசன்பே சரித்திரம்' வந்தது. இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று நாம் கொண்டாடும் அந்தக் கதையின் நாயகன் எகிப்தில் பிறந்தவன். அவன் பெயரில் ஒட்டியிருக்கும் 'பே' உஸ்மானியப் பட்டம். எகிப்தியப் பாஷாக்கள் கொழும்புத் தெருவில் நடமாடிய வருடங்களில் இந்த நாவல் எழுதப்பட்டது என்பதை எமது விமர்சகர்கள் எத்தனை பேர் பொருட்படுத்தியிருக்கிறார்கள்? பாரூதி கண்டியில் இருந்த அதே பத்தாண்டில் அருள்வாக்கி அப்துல் காதிறுப் புலவர் கண்டிப் பகுதியில் தமிழ்க் கவி பாடிக்கொண்டிருந்தார். இன்னொன்றும் சொல்கிறேன். எழுவர் ஏறிய கப்பல் சுயெஸ் துறையை விட்டு நகர்வதற்குப் பதினாறு நாட்கள் முன்னர்தான் எட்டயபுரத்தில் பாரதி பிறந்தார். அவரும் பின்னர் 1908 முதல் பத்து வருடம் புதுச்சேரியில் ஒதுங்கி வாழ வேண்டியிருந்தது. அவருடைய பெரும் படைப்புகள் அங்கே பிறந்தன. பாரதியையும் பாரூதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பிக்கக்கூடிய ஒரே சமூகம் நாம்தான். அந்த வாய்ப்பு எமது கையில் தூசி பிடித்துக் கிடக்கிறது.

இந்த இடைவெளி வெறுமையாக இருக்கவில்லை. அதை வேறொன்று வந்து நிரப்பிவிட்டது. குறிகட்டுவானில் படகுக்குக் காத்திருக்கும் பையன்களின் கைத்தொலைபேசியை எட்டிப் பார்த்தால் தெரியும். எர்துருல் என்ற துருக்கித் தொடரைச் சொல்கிறேன். 2014இல் துருக்கித் தொலைக்காட்சியில் தொடங்கி, ஐந்து பருவங்கள் ஓடி, உலகம் முழுக்கப் பரவியது. குதிரை, வாள், கோடரி, துரோகி, வெட்டு. நன்றாக எடுத்திருக்கிறார்கள், நானும் சில பகுதிகள் பார்த்தேன். ஆனால் உஸ்மானின் தந்தை எர்துருல் என்று மகன் வெளியிட்ட நாணயம் சொல்கிறது என்பதற்கு அப்பால், அந்த மனிதரைப் பற்றி அவர் காலத்துச் சான்று ஏறக்குறைய ஒன்றுமில்லை. பின்னால் வந்தவர்கள் எழுதிய கதைகள்தான். வரலாறு ஒன்றுமே சொல்லாத ஒரு தளபதியின் குதிரையின் பெயர் வரை எமது பிள்ளைகளுக்குத் தெரிகிறது. பிறந்த ஆண்டும் போரிட்ட களமும் எழுதிய வரியும் கைவசம் இருக்கிற, எமது கண்டியில் பத்து வருடம் வாழ்ந்த தளபதியின் பெயர் தெரியாது. பத்தாம் ஆண்டில் படிக்கும் ஒருவனுக்குப் பாரூதியின் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவன் கேட்டது இது: "சேர், அவர் எத்தனை பேரை வெட்டினவர்?"

அவனில் பிழையில்லை. வீரம் என்றால் வெட்டுவது என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் பெரியவர்கள். முப்பது வருட யுத்தம் நடந்த நாட்டில், அதுவும் வடக்கில் நின்றுகொண்டு, வாளைப் பற்றி இன்னும் இப்படிப் பேசிக்கொண்டிருப்பது எமக்கு வெட்கமாக இல்லையா? எமது மாகாணத்தில் தளபதிகளுக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. தோற்ற பிறகு, எல்லாம் பறிபோன பிறகு, ஒரு மனிதன் எப்படி நிமிர்ந்து இருப்பது என்று காட்டியவர்களுக்குத்தான் பஞ்சம். தெல் அல்-கபீருக்குப் பிறகு ஒறாபி பள்ளிக்கூடம் ஒன்று எழ உழைத்தார். 1892இல் மருதானையில் அது எழுந்தது. பாரூதி கவிதை எழுதினார். என் வகுப்பறையில் நான் காட்ட விரும்பும் தளபதிகள் இவர்கள்.

சில நண்பர்களோடு இதைப் பேசியபோது வந்த மறுப்புகளையும் சொல்லியாக வேண்டும். முதலாவது: அவர் அறபுக் கவிஞர், தமிழ் இலக்கியத்துக்கும் அவருக்கும் என்ன? உமர் கய்யாமும் இக்பாலும் கலீல் ஜிப்ரானும் தமிழுக்கு வந்தபோது யாரும் இப்படிக் கேட்கவில்லை. அவர்களில் ஒருவரும் கண்டியில் குடியிருந்து எழுதியவர்களல்லர். எமது மழையையும் எமது மலையையும் பாடிய கவிதை எந்த மொழியில் இருந்தாலும் அதில் எமக்குப் பங்குண்டு.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் தணிந்த குரலில் வந்தது. அவர் இளமையில் மதுவையும் காதலையும் பாடியவர், குலப்பெருமை பேசியவர், இவரைப் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது? உண்மை, பாடியிருக்கிறார். வேட்டையும் விருந்தும் தம் முன்னோரின் பெருமையும் அவருடைய திவானில் நிறைய உண்டு. அந்த மனிதர்தான் 'கஷ்புல் கும்மா'வையும் பாடினார். கிரீட் தீவுக்குப் படையோடு போனவர்தான் பிற்காலத்தில் இன்னொரு தீவில் கைதியாக இருந்து கண்ணீர்விட்டார். ஒரு மனிதனின் வாழ்க்கையை முழுதாகப் பார்க்கத் தெரியாதவர்கள் இலக்கியம் பேசக்கூடாது. மாசற்ற வீரர்கள் தொலைக்காட்சித் தொடரில்தான் கிடைப்பார்கள்.

மூன்றாவது: மொழிபெயர்க்க ஆளில்லை. இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நாடு முழுவதும் அறபுக் கல்லூரிகள். வருடந்தோறும் மௌலவிப் பட்டம் பெற்று வெளியேறுகிறார்கள். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியக் கற்கைகள், அறபு மொழிக்கென்றே ஒரு பீடம் இருக்கிறது. பேராதனையில் அறபு படிப்பிக்கிறார்கள். ஒரு காலத்தில் அறபு எழுத்தில் தமிழையே எழுதிப் பெரும் இலக்கியம் செய்த சமூகம் இது. எமது மௌலவிமாருக்கு அறபு தெரியும், தமிழ்க் கவிதையோடு பழக்கமில்லை. எமது கவிஞருக்குத் தமிழ் தெரியும், அறபு தெரியாது. இருவரும் ஒரே ஜும்ஆவில் அருகருகே தொழுகிறார்கள். தொழுது முடித்து ஒரு மேசையில் உட்கார்ந்தால் வேலை நடக்கும். உட்கார்வதில்லை. ஒருவரையொருவர் மார்க்கம் தெரியாதவர் என்றும் இலக்கியம் தெரியாதவர் என்றும் ஏசிக்கொண்டு இரண்டு தனித்தனி மேடை போடுகிறோம்.

இதற்கெல்லாம் தீவகத்து வாத்தியார் ஒருவர் ஏன் இவ்வளவு அலட்டிக்கொள்கிறார் என்று கேட்கலாம். இந்த நாடு நெடுங்காலமாக நாடுகடத்தப்பட்டவர்களை அனுப்பிவைக்கும் இடமாக இருந்திருக்கிறது. மகஸ்ஸாரைச் சேர்ந்த ஷெய்க் யூசுபை ஒல்லாந்தர் 1684இல் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். அவர் இங்கிருந்து அறபு நூல்கள் எழுதினார். 1694இல் தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பப்பட்டார். இரண்டு நூற்றாண்டு கழித்து பாஷாக்கள். வந்தவர்களின் எழுத்தை நாம் சேர்த்து வைத்திருந்தால், எமக்கே அந்த நிலை வந்தபோது ஒரு சொல்லாவது துணைக்கு இருந்திருக்கும். 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒட்டுமொத்தமாக வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரத்தில் சில மணித்தியால அவகாசம். புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் ஒரு தலைமுறை வளர்ந்தது. அந்த முகாம்களில் மீலாத் விழா நடந்தது, புர்தா ஓதப்பட்டது. சொந்த ஊரைப் பறிகொடுத்த ஒருவர் இதே நாட்டிலிருந்து, அதே சந்தத்தில், நாயகத்தின் ஹிஜ்ரத்தையும் பாடியிருக்கிறார் என்று அங்கே ஒருவராவது எடுத்துச் சொல்லியிருந்தால் அது எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்!

முஸ்லிம்களோடு மட்டும் இது நிற்பதில்லை. புங்குடுதீவிலும் வேலணையிலும் ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் ஆளில்லாத வீடுகளுக்குள் மரம் முளைத்திருக்கிறது. அந்த வீட்டுக்காரர் பாரிசிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள். நயினாதீவில் அம்மன் கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் ஒரே கடற்காற்றில் நிற்கின்றன. மூன்றுக்கும் உரிய சனங்களில் ஊரை விட்டுப் போகாத குடும்பம் குறைவு. ஊரைப் பிரிந்த துயரம் என்று நான் வகுப்பில் சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் விளக்கம் தேவைப்படாது. பாரூதியின் இரண்டு கவிதைகள் நல்ல தமிழில் கையில் இருந்தால், சைவப் பிள்ளையும் கத்தோலிக்கப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே வாங்கில் இருந்து அதை விளங்கிக்கொள்ளும். இன நல்லுறவு என்று எத்தனையோ செயலமர்வுகளுக்குக் காசு செலவழிக்கிறார்கள். ஒரு மெல்லிய கவிதைப் புத்தகம் அதைவிட மலிவு.

ஆகவே என் கோரிக்கைகள் இவை. அறபுக் கல்லூரிகளும் பல்கலைக்கழகமும் தங்கள் இறுதி ஆண்டு மாணவர்களுக்குப் பாரூதியின் சரந்தீப் கவிதைகளை மொழிபெயர்ப்பு ஒப்படையாகக் கொடுக்கட்டும். வரலாற்றுப் பாடத்தில் முஸ்லிம் மறுமலர்ச்சியைப் படிப்பிக்கும் ஆசிரியர்கள் ஒறாபியின் பெயரோடு இந்தப் பெயரையும் கரும்பலகையில் எழுதட்டும். மீலாத் விழாக் குழுவினர் பொன்னாடைக்கு ஒதுக்கும் பணத்தில் பாதியை 'கஷ்புல் கும்மா' தமிழில் வர ஒதுக்கட்டும். 447 பைத்துகள் ஒன்றும் மலையல்ல. பத்துப் பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு நாற்பத்தைந்துகூட வராது. ஒருவரே செய்தாலும், நாளைக்கு ஒரு பைத்து வீதம் பதினைந்து மாதத்தில் முடித்துவிடலாம்.

அறபு தெரிந்த ஒரு மௌலவியும் தமிழ் தெரிந்த ஒரு கவிஞரும் சேர்ந்து முதல் பத்துப் பைத்துகளை அடுத்த இதழுக்கு அனுப்பட்டும். பிழை இருந்தால் இந்தப் பக்கங்களிலேயே சண்டை பிடித்துத் திருத்திக்கொள்ளலாம். அச்சான உடனே அதை எமது தீவகத்து வகுப்பறையில் வாசித்துக் காட்டுவது என் பொறுப்பு.